வணிகத்தைத் திறந்தால் ஏழை நாடுகளில் கூலி இடைவெளி குறையும் என்ற தேற்றம் ஏன் பொய்த்தது?

முதுகலை மாணவி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பன்னாட்டுப் பொருளியலை இந்தப் பருவத்தில் பாடமாக எடுத்திருக்கிறேன். ஒரு வாரமாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பதால் இங்கே கேட்கிறேன்.

வொல்ஃப்காங் ஸ்டால்பரும் பால் சாமுவெல்சனும் 1941இல் வெளியிட்ட தேற்றத்தின்படி, ஒரு நாடு வணிகத்துக்குத் தன் கதவைத் திறக்கும்போது அந்நாட்டில் உழைப்பு, மூலதனம் போன்ற உற்பத்திக் காரணிகளில் எது மிகுதியாக இருக்கிறதோ அதற்குக் கிடைக்கும் வருமானம் உயர வேண்டும். அரிதாக இருக்கும் காரணியின் வருமானம் குறைய வேண்டும். ஏழை நாடுகளில் மிகுந்திருப்பது அதிகம் படிக்காத தொழிலாளரின் உழைப்பு. ஆகவே அங்கே அவர்களுடைய கூலி உயர்ந்து, படித்தவருக்கும் படிக்காதவருக்கும் உள்ள வருமான இடைவெளி சுருங்கியிருக்க வேண்டும்.

மெக்சிகோவில் அப்படி நடக்கவில்லை. 1980களின் நடுவில் தன் இறக்குமதித் தடைகளைத் தளர்த்தி, 1986இல் காட் என்ற பன்னாட்டு வணிக உடன்பாட்டில் சேர்ந்த அந்நாட்டில், அடுத்த சுமார் பத்தாண்டுகளுக்குத் திறன்பெற்றவரின் கூலிதான் மற்றவரைவிட வேகமாக ஏறியது. பினெலோபி கோல்ட்பர்க், நீனா பாவ்ச்னிக் ஆகியோர் 2007இல் எழுதிய மதிப்பாய்வுக் கட்டுரையைப் படித்தால், வளரும் நாடுகள் பலவற்றிலும் இதே போக்கு தென்பட்டது தெரிகிறது. தேற்றம் தவறா, அல்லது நான் அதைப் புரிந்துகொண்ட விதம் தவறா?

வகுப்பறை

மாணவிக்கு வணக்கம். நீண்ட காலம் இதைப் பாடம் நடத்தியவன் என்ற முறையில் முதலில் தேற்றத்தையே ஒரு முறை கையால் போட்டுப் பார்க்கச் சொல்வேன். மனப்பாடம் செய்தவர்களுக்கு அதன் கூர்மை தெரிவதில்லை.

ஒரு நாட்டில் துணி, இயந்திரம் என இரண்டே பொருள்கள் உற்பத்தியாவதாகக் கொள்வோம். ஓர் அலகு துணிக்கு 3 அலகு உழைப்பும் 1 அலகு மூலதனமும் தேவை. ஓர் அலகு இயந்திரத்துக்கு 1 அலகு உழைப்பும் 3 அலகு மூலதனமும் தேவை. கூலி 20, மூலதன வாடகை 10 என்றால் துணியின் விலை 70, இயந்திரத்தின் விலை 50. இப்போது வணிகம் திறக்கப்பட்டு, வெளிநாட்டுத் தேவையால் துணியின் விலை மட்டும் 10 விழுக்காடு ஏறி 77 ஆகிறது. இயந்திரத்தின் விலை அதே 50. இரண்டு சமன்பாடுகளையும் தீர்த்தால் கூலி 22.625, வாடகை 9.125 என்று வரும். விலை 10 விழுக்காடு ஏறியபோது கூலி 13 விழுக்காட்டுக்குச் சற்று மேல் ஏறியிருக்கிறது. வாடகை ஏறக்குறைய 9 விழுக்காடு இறங்கியிருக்கிறது. துணி வாங்கினாலும் இயந்திரம் வாங்கினாலும் தொழிலாளிக்கு மெய்யான ஆதாயம். எதை வாங்கினாலும் மூலதனக்காரருக்கு மெய்யான இழப்பு. ரொனால்ட் ஜோன்ஸ் 1965இல் இதைப் பெருக்க விளைவு என்று பெயரிட்டு விளக்கினார்.

இந்தத் தேற்றத்தின் உண்மையான செய்தி இதுதான் என்பது என் எண்ணம். 'வணிகத்தால் எல்லோருக்கும் நன்மை' என்று அது சொல்லவே இல்லை. ஒரு தரப்பு நிச்சயமாக இழக்கும் என்று அது நிறுவுகிறது. ரிக்கார்டோ 1817இல் இங்கிலாந்தின் துணியையும் போர்ச்சுகலின் மதுவையும் வைத்து ஒப்பீட்டு நன்மையை விளக்கியபோது அவர் கணக்கில் இருந்த காரணி உழைப்பு ஒன்றே. எனவே நாட்டுக்குள் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி அந்தக் கணக்கில் எழவே வழியில்லை. ஸ்டால்பரும் சாமுவெல்சனும் அந்தக் கேள்வியை எழுப்பினார்கள். அவர்களுடைய கட்டுரையை முதலில் ஓர் அமெரிக்க ஆய்விதழ் ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பியது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

ஆனால் நான் மேலே போட்ட கணக்கில் சத்தமில்லாமல் ஒளிந்திருக்கும் அனுமானம் ஒன்று உண்டு. இயந்திரத் தொழிலில் வேலை இழந்தவர் மறுநாள் காலையில் அதே கூலிக்குத் துணித் தொழிலில் சேர்ந்துவிடுகிறார் என்பது அது. இந்த இழையில் அதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கும்.

துலாக்கோல்

மெக்சிகோவைப் பற்றிய கேள்விக்கு நேராக வருகிறேன்.

முதலில், கதவு திறப்பதற்கு முன் எந்தத் தொழில்களுக்கு அதிகப் பாதுகாப்பு இருந்தது என்று பார்க்க வேண்டும். மெக்சிகோவில் ஆடை, காலணி போன்ற, திறன் குறைந்த தொழிலாளர் அதிகம் பணிபுரிந்த துறைகளுக்கே இறக்குமதி வரி உயர்வாக இருந்தது. வரியைக் குறைத்தபோது விலை சரிந்ததும் அந்தத் துறைகளில்தான். வகுப்பறை ஐயாவின் கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள்: துணியின் விலை இறங்கினால் கூலிதான் அடி வாங்கும். ஆகவே தேற்றத்தின் பொறிமுறை அங்கே நன்றாகவே வேலை செய்திருக்கிறது. 'ஏழை நாடு என்றால் படிக்காத உழைப்பு மிகுந்த நாடு, அதன் துணி விலை ஏறும்' என்று நாம் மேலோட்டமாகப் போட்டுக்கொண்ட முடிச்சுதான் அவிழ்ந்துபோனது.

அந்த முடிச்சு அவிழ்ந்ததற்கு ஆட்ரியன் வுட் 1997இல் ஒரு விளக்கம் தந்தார். தென் கொரியா, தைவான் போன்ற கிழக்காசிய நாடுகள் 1960களிலும் 1970களிலும் ஏற்றுமதிக்குத் திரும்பியபோது அங்கே கூலி இடைவெளி பெரும்பாலும் சுருங்கியது. இலத்தீன் அமெரிக்க நாடுகள் 1980களில் திறந்தபோது விரிந்தது. இடைப்பட்ட காலத்தில் சீனாவும் குறைந்த வருமானமுள்ள பிற ஆசிய நாடுகளும் உலகச் சந்தைக்குள் நுழைந்துவிட்டன. அமெரிக்காவோடு ஒப்பிட்டால் மெக்சிகோ உழைப்பு மிகுந்த நாடு. சீனாவோடு ஒப்பிட்டால் அப்படி இல்லை. மிகுதி என்பது எப்போதும் யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. இதை வகுப்பில் அழுத்திச் சொல்லாததால் மாணவர்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

இன்னொரு விளக்கம் ராபர்ட் ஃபீன்ஸ்ட்ராவும் கார்டன் ஹான்சனும் 1990களில் முன்வைத்தது. வணிகம் என்றால் முழுப்பொருள் கப்பலேறிப் போவது என்று பாடநூல் படம் போடுகிறது. நடப்பில் ஒரு பொருளின் உற்பத்திப் படிகளே நாடு விட்டு நாடு போகின்றன. அமெரிக்க நிறுவனம் தன் வேலைப் படிகளில் மிகக் குறைந்த திறன் கோரும் ஒன்றை எல்லைக்கு அப்பால் அனுப்புகிறது. அதே வேலை மெக்சிகோவுக்கு வந்து சேரும்போது அங்கே சராசரியைவிட உயர்ந்த திறன் கோரும் வேலையாகிவிடுகிறது. எனவே இரு நாடுகளிலும் ஒரே நேரத்தில் திறனுக்கான தேவை கூடுகிறது. இரு நாடுகளிலும் இடைவெளி விரிகிறது. முதன்முதலில் இதைப் படித்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து நடந்தேன். இவ்வளவு எளிய கருத்தைக் கொண்டு, அதுவரை முரண்பாடாகத் தெரிந்த ஒன்றை விளக்கிவிட்டார்கள்.

நியாயத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும்: 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு மெக்சிகோவின் ஏற்றத்தாழ்வு குறையத் தொடங்கியது. ஒரு பத்தாண்டை வைத்து ஒரு நாட்டுக்குத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

திறந்த சந்தை

இந்த உரையாடல் கூலியை மட்டுமே சுற்றி வருகிறது. மனிதர் சம்பாதிப்பவர் மட்டுமல்லர், வாங்குபவரும்கூட. வருமானத்தில் பெரும்பங்கை உணவுக்கும் உடைக்கும் செலவிடுபவர்கள் ஏழைகள்; செல்வர்களின் செலவில் பெரும்பங்கு எல்லை தாண்டி வர இயலாத சேவைகளுக்குப் போகிறது. பாப்லோ ஃபாய்கல்பாமும் அமித் கண்டேல்வாலும் 2016இல் 40 நாடுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். வணிகத்தை முழுவதுமாக மூடிவிட்டால், சராசரியாக, வருமான வரிசையில் அடியிலிருந்து 10ஆம் நூற்றுமானத்தில் (ஏழையிலிருந்து வரிசையாக நூறு பேரை நிறுத்தினால் பத்தாவது இடத்தில்) இருப்பவர் மெய்வருமானத்தில், அதாவது விலைவாசியைக் கணக்கிட்ட வருமானத்தில், 63 விழுக்காட்டை இழப்பார். 90ஆம் நூற்றுமானத்தில் இருப்பவர் 28 விழுக்காட்டை இழப்பார் என்பது அவர்கள் கண்ட முடிவு.

இன்னொன்று. நாடுகளுக்குள் ஏற்றத்தாழ்வு கூடியது என்று கவலைப்படுகிறோம். உலக மக்கள் அனைவரையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பார்த்தால் படம் வேறு. கிறிஸ்டோஃப் லாக்னரும் பிராங்கோ மிலனோவிச்சும் 1988 முதல் 2008 வரையிலான வருமான வளர்ச்சியை வரைந்தபோது அது யானை வடிவில் வந்தது. வரிசையின் நடுவில் இருந்த மக்கள், பெரும்பாலும் ஆசியர்கள், மிக வேகமாக முன்னேறியிருந்தார்கள். சீனாவின் சிற்றூர்களிலிருந்து ஆலைகளுக்கு வந்த கோடிக்கணக்கானோரை ஒதுக்கி வைத்துவிட்டு ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கணக்குப்பிள்ளை

திறந்த சந்தை அவர்கள் சொன்னதில் இரண்டாம் பத்தியை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அதே வரைபடத்தில் யானையின் தும்பிக்கை தரையைத் தொடும் இடத்தையும் பார்க்க வேண்டும். உலக வரிசையில் 80ஆம் நூற்றுமானத்தை ஒட்டி, செல்வ நாடுகளின் கீழ்ப்பாதி மக்கள் நிற்கும் இடம் அது. 20 ஆண்டுகளில் அவர்களுடைய மெய்வருமானம் ஏறக்குறைய அசையவே இல்லை.

முதல் பத்தியைப் பொறுத்தவரை, அந்த 63 விழுக்காடு வணிகமே இல்லாத நிலையோடு ஒப்பிட்டு வந்த எண். யாரும் வணிகத்தை முழுவதுமாக மூடச் சொல்லவில்லை. மேலும், அமெரிக்கத் தரவுகளை நுணுக்கமாக ஆராய்ந்த பொருஸ்யாக், ஜரவெல் ஆகிய இருவரும், செலவில் இறக்குமதியின் பங்கு வருமான அடுக்குகளிடையே பெரிதும் வேறுபடவில்லை என்று கண்டார்கள். மலிவு விலையின் நன்மை உண்டு. அது ஏழைகளுக்கே சாய்வாக விழுகிறது என்பது எல்லா நாடுகளுக்கும் பொருந்தாது.

இனி, வகுப்பறை ஐயா சுட்டிய அனுமானத்துக்கு வருவோம். வேலை இழந்தவர் மறுநாள் வேறு தொழிலில் சேர்கிறாரா?

சீனா 2001 டிசம்பரில் உலக வணிக அமைப்பில் சேர்ந்தது. 2000இல் அமெரிக்க ஆலைகளில் சுமார் 1 கோடியே 73 லட்சம் பேர் வேலை செய்தார்கள். 2010இல் சுமார் 1 கோடியே 15 லட்சம் பேர். இந்த வீழ்ச்சி முழுவதற்கும் சீனாவைக் காரணமாக்குவது தவறு. தானியங்கி இயந்திரங்களுக்கும் 2008 நெருக்கடிக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. டேவிட் ஆட்டர், டேவிட் டார்ன், கார்டன் ஹான்சன் ஆகியோர் நாட்டை 722 வட்டாரங்களாகப் பிரித்து, சீன இறக்குமதியோடு நேராக மோதும் பொருள்களை முன்பே செய்துகொண்டிருந்த வட்டாரங்களை மற்றவற்றோடு ஒப்பிட்டார்கள். 1990 முதல் 2007 வரை ஆலை வேலைகளில் ஏற்பட்ட சரிவில் ஏறக்குறைய கால்பங்கு இந்த இறக்குமதியால் விளைந்தது என்பது 2013இல் வெளிவந்த அவர்களுடைய மதிப்பீடு. என்னை அதிகம் உலுக்கியது அந்தக் கால்பங்கு அன்று. அடிபட்ட வட்டாரங்களிலிருந்து மக்கள் பெரிய அளவில் வெளியேறவே இல்லை. வேலைக்குப் போகாதோர் எண்ணிக்கை கூடியது. ஆலைக்கு வெளியே இருந்த தொழில்களின் கூலியும் இறங்கியது. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை பெறுவோர் கூடினார்கள்.

பிரேசிலைப் பாருங்கள். 1990க்கும் 1995க்கும் இடையில் அந்நாடு வரிகளைக் குறைத்தது. காலப்போக்கில் புண் ஆறிவிடும் என்றுதான் பாடநூல் படித்த எவரும் எதிர்பார்ப்பார்கள். ரஃபேல் டிக்ஸ்-கார்னெய்ரோவும் பிரையன் கோவாக்கும் 2017இல் காட்டியது வேறு: அதிகம் அடிபட்ட பகுதிகளின் முறைசார் தொழில் வருமானத்தில் 20 ஆண்டுகளுக்குப் பின் தெரிந்த தாக்கம், 10 ஆண்டுகளுக்குப் பின் தெரிந்ததைப் போல மூன்று மடங்கு. வேலை போனதும் கடன் வாங்கி முதலீடு செய்வோர் ஒதுங்குகிறார்கள், அதனால் மேலும் வேலை போகிறது. ஊர் மெல்ல மெல்ல வற்றுகிறது.

இந்தியாவில் 1990இல் 80 விழுக்காட்டுக்கும் மேலாக இருந்த சராசரி இறக்குமதி வரி 1996இல் 37 விழுக்காடாக இறங்கியது. பெத்தியா தோபலோவா மாவட்டவாரியாக ஆராய்ந்தபோது, வரிக்குறைப்பால் அதிகம் தாக்கப்பட்ட சிற்றூர் மாவட்டங்களில் வறுமை மற்ற மாவட்டங்களைவிட மெதுவாகக் குறைந்திருந்தது. இதை வாசிப்பதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். வறுமை கூடியது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஒரு மாவட்டத்தை இன்னொன்றோடு ஒப்பிடும் முறையால், திறப்பு மொத்த நாட்டுக்கு நன்மையா தீமையா என்ற கேள்விக்கு விடை காண முடியாது. இரண்டுக்கும் பொதுவாகக் கிடைத்த நன்மை கழிந்துபோய்விடும். அமெரிக்க ஆய்வுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

முன்னாள் தொழிலாளி

நான் பொருளியல் படித்தவன் அல்லன். காலணி ஆலை ஒன்றில் 19 ஆண்டுகள் தோல் வெட்டும் பிரிவில் இருந்தேன். ஆலை மூடப்பட்டுவிட்டது. இறக்குமதி ஒன்றுதான் காரணம் என்று சொல்ல எனக்குச் சான்று இல்லை. நிர்வாகம் அப்படித்தான் சொன்னது.

மக்கள் ஏன் நகர்வதில்லை என்று கணக்குப்பிள்ளை எழுதியதற்கு என்னால் விடை சொல்ல முடியும். ஒரு தோலை மேசையில் விரித்தால் அது எந்தப் பக்கம் இழுபடும், எந்தப் பக்கம் இறுகி நிற்கும் என்பதை உள்ளங்கையால் தடவியே சொல்லிவிடுவேன். வயிற்றுப் பகுதித் தோல் தளர்ந்திருக்கும். அதைக் காலணியின் முன்பக்கத்துக்கு வைத்தால் ஒரே மாதத்தில் சுருங்கி மடியும். முதுகுப் பகுதியில் எத்தனை முன்பக்கங்கள் எடுக்கலாம், தழும்பு விழுந்த இடத்தைத் தவிர்த்து அச்சை எப்படித் திருப்பி வைக்கலாம் என்பதில்தான் என் கூலி இருந்தது. இந்த அறிவுக்குத் தோல் இல்லாத இடத்தில் விலை கிடையாது. அடுத்த வேலையில் நான் சேர்ந்தது ஒரு கிடங்கில், நேற்று வந்த இளைஞருக்குக் கொடுத்த அதே சம்பளத்துக்கு.

இடம்பெயர்ந்திருக்கலாமே என்பார்கள். வீட்டை விற்றுவிட்டுத்தானே போக வேண்டும்? எங்கள் பகுதியில் ஒரே சமயத்தில் எல்லோரும் விற்க நினைத்தோம். வாங்க ஆளில்லை. அந்த வீட்டின் விலையும் எங்கள் கூலியும் ஒரே நாளில் விழுந்தன.

வகுப்பறை

மேலே எழுதிய நண்பருக்கு என் வணக்கம். குறிப்பிட்ட தொழிலுக்கே உரிய மனித மூலதனம் என்று நாங்கள் கரும்பலகையில் எழுதுவதை உங்களைப் போல் இவ்வளவு தெளிவாக நான் ஒருபோதும் விளக்கியதில்லை. காரணிகள் தொழிலுக்குத் தொழில் நகர முடியாத மாதிரியில், வணிகத்தின் வெற்றி தோல்வி உழைப்பு, மூலதனம் என்ற கோட்டில் பிரிவதில்லை. எந்தத் தொழிலில், எந்த ஊரில் இருக்கிறோம் என்ற கோட்டில் பிரிகிறது. குறுகிய காலத்துக்கு மட்டும் பொருந்தும் மாதிரி என்றுதான் அதைப் பாடத்தில் அறிமுகப்படுத்துவோம். பிரேசிலில் அந்தக் குறுகிய காலம் 20 ஆண்டுகளையும் தாண்டியிருக்கிறது. ஒரு மனிதரின் உழைக்கும் வயதில் பாதி அது.

முதுகலை மாணவி

இத்தனை விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. என் கேள்வி இப்போது மாறிவிட்டது. வெற்றி பெற்றவர் இழந்தவருக்கு ஈடு கொடுத்த பிறகும் மிச்சம் இருக்கும் என்றால் அது நல்ல மாற்றம் என்று கால்டோரும் ஹிக்ஸும் 1939இல் அளவுகோல் வகுத்தார்கள். ஈடு கொடுக்க முடிந்தால் போதும், கொடுக்க வேண்டியதில்லை என்பதுதானே அதன் பொருள்? உண்மையில் எங்கேனும் கொடுத்திருக்கிறார்களா? இல்லையென்றால், மறுபடியும் வரிச்சுவர் எழுப்புவதில் என்ன தவறு?

துலாக்கோல்

கடைசிக் கேள்விக்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 2018 தொடக்கத்தில் அமெரிக்கா, இறக்குமதியாகும் சலவை இயந்திரங்கள் மீது புதிய வரி விதித்தது. ஃப்ளாயென், ஹோர்டாச்சு, டின்டெல்நாட் ஆகிய மூவர் அதன் விளைவை அளந்தார்கள். சலவை இயந்திரத்தின் விலை சுமார் 12 விழுக்காடு ஏறியது. வரியே விதிக்கப்படாத துணி உலர்த்தும் இயந்திரத்தின் விலையும் கூடவே ஏறியது. இரண்டும் இணையாக விற்கப்படுவதால் விற்பவர்கள் ஏற்றத்தை இரண்டின் மீதும் பகிர்ந்து வைத்தார்கள். உள்நாட்டில் சுமார் 1,800 வேலைகள் உருவாயின. நுகர்வோர் ஆண்டுக்குச் சுமார் 150 கோடி டாலர் கூடுதலாகச் செலவிட்டார்கள். வந்த வரி வருவாயைக் கழித்த பிறகும் ஒரு வேலைக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் செலவு. மூடிய ஆலை திரும்ப வருவதற்கு நாம் கொடுக்கும் விலை இது. அதுவும் பழைய ஊருக்கே, பழைய ஆள்களுக்கே வேலை திரும்பும் என்ற உறுதி இல்லை.

கணக்குப்பிள்ளை

ஈடு பற்றிய கேள்விக்கு நான் எழுதுகிறேன். அமெரிக்காவில் 1962இலேயே, கென்னடி ஆட்சியில், இறக்குமதியால் வேலை இழந்தோருக்கான உதவித் திட்டம் சட்டத்தில் இடம்பெற்றது. ஆட்டர் குழுவினரின் ஆய்வில், சீன இறக்குமதியால் தாக்கப்பட்ட வட்டாரங்களுக்கு இந்தத் திட்டம் வழியாகப் போன பணம், மாற்றுத்திறனாளி உதவித்தொகையாகவும் மருத்துவ உதவியாகவும் போன பணத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஈடு என்று பெயர் வைத்த வாயில் குறுகலாக இருந்ததால் மக்கள் வேறு வாயில்களில் போய் நின்றார்கள். 2022 ஜூலையிலிருந்து புதிய விண்ணப்பங்களுக்கு அந்த வாயிலும் அடைபட்டது. ஆகவே துலாக்கோல் அவர்களின் வாதம் எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. வரிச்சுவர் வீண்செலவு என்பது சரி. ஆனால் அதற்குப் பதிலாக எதைக் கொடுத்தோம் என்று கேட்டால் நம்மிடம் சொல்ல அதிகம் இல்லை. வணிகம் திறக்கும் நாள் குறிக்கப்படும்போதே ஈட்டுக்கான நிதியும் விதியும் கையில் இருக்க வேண்டும் என்று சொல்லாமல், மொத்த ஆதாயத்தை மட்டும் காட்டி வாதிட்ட பொருளியலாளர்களுக்கு இதில் பொறுப்பு உண்டு.

அந்தத் திட்டத்துக்குள் ஒரு சிறு பகுதி மட்டும் நன்றாகவே வேலை செய்தது. 50 வயதைக் கடந்தவர் பழைய வேலையைவிடக் குறைந்த சம்பளத்தில் புது வேலையில் சேர்ந்தால், இரண்டு சம்பளங்களுக்கும் இடையிலான வித்தியாசத்தில் பாதியை, பெரும்பாலான ஆண்டுகளில் 10,000 டாலர் உச்சவரம்போடு, இரண்டு ஆண்டு வரை அரசு கொடுத்து வந்தது. கூலிக் காப்பீடு என்று இதைச் சொல்வார்கள். ஹைமன், கோவாக், லைவ் ஆகிய மூவர் இதை ஆராய்ந்தபோது, காப்பீடு கிடைத்தவர்கள் விரைவாக வேலைக்குத் திரும்பியதும், அடுத்த சில ஆண்டுகளில் ஈட்டிய மொத்த வருமானம் கூடியதும் தெரிந்தது. அரசுக்கு ஆன செலவும் பெருமளவு திரும்பிவிட்டது.

முன்னாள் தொழிலாளி

அப்படி ஒன்று இருந்திருந்தால் கிடங்கு வேலையில் அவ்வளவு தயங்கியிருக்க மாட்டேன். பாதி வித்தியாசம் கிடைத்தாலே பிள்ளையின் படிப்புக் கட்டணத்துக்குக் கடன் வாங்கியிருக்க வேண்டியதில்லை. 50 வயது என்ற கோடு எதற்காக? எங்கள் ஆலை மூடியபோது எனக்கு 43. என் மேசைக்கு எதிரே நின்று வெட்டியவருக்கு 51.

கணக்குப்பிள்ளை

கோட்டின் இருபுறமும் நின்றவர்களை ஒப்பிட்டுத்தான் அந்த மூவரும் காப்பீட்டின் விளைவை அளந்தார்கள், ஐயா. 50ஐத் தொட்டவருக்குப் பணம் கிடைத்தது. சில மாதம் இளையவருக்குக் கிடைக்கவில்லை. மற்றபடி இருவரும் ஒன்றுபோலவே இருந்தார்கள். வயதானவருக்கு வேறு தொழில் கற்பது கடினம், இளையவர் பயிற்சிக்குப் போகட்டும் என்ற எண்ணத்தில் போட்ட கோடு அது. நீங்கள் தோலைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு, வயதைவிட ஒரே தொழிலில் கழித்த ஆண்டுகளைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியொரு விதி வகுத்தால் உங்களுடைய 19 ஆண்டுகளும் எதிர் மேசைக்காரரின் ஆண்டுகளும் ஒரே தராசில் நிற்கும்.